சேற்றில் நின்ற கப்பல்

"நான் சாவிய வெளியில வெச்சேனா, வெக்கலையா? அது ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார். மத்தது எதுவும் எனக்கு வேண்டாம்."

வந்த அம்மாள் இன்னும் உட்காரவில்லை. குடையை மடக்கவுமில்லை. அது பாட்டுக்கு வாசல் மிதியடியில் சொட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிட்ட அக்கா, குடையைப் பிடுங்காத குறையாக வாங்கி மூலையில் சாத்திவிட்டு, வந்தவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினாள்.

"முதல்ல உக்காரும்மா. எந்தச் சாவி, என்ன சாவி? ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. எந்தம்பிக்கு நடுவுலேர்ந்து சொன்னாப் பிடிக்காது."

தம்பி என்று அவள் சொன்னது அறுபதைத் தாண்டிய ஒரு மனிதரை. ஊருக்கு அவர் ஃபெயில் சார். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் முதல் தடவை அவரிடம் தோற்றவர்கள்தான். இப்போது ஆளைக் காணோம், நகையைக் காணோம் என்று வருகிறவர்களுக்கு யோசனை சொல்வது பழக்கமாகிவிட்டது. யோசிப்பது அவர் வேலை. ஓடி விசாரிப்பது, மிரட்டுவது, குற்றவாளி இன்னார்தான் என்று முதல் ஆளாக அவசரப்பட்டு முடிவு கட்டுவது எல்லாம் அக்காவின் இலாகா.

"கார் சாவிதான்," என்றாள் வந்தவள். "எங்க வீட்டுக்காரரோட கார். மரக்கடைக்காரர்னா தெரியுமில்ல? கப்பல்னு சொல்லுவாங்களே, அந்த வண்டி."

கப்பலைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. நீளமான மூக்கு, அதற்குச் சளைக்காத டிக்கி, நடுவே ஒரு குடும்பமே கால் நீட்டிப் படுக்கலாம். அது ஒரு தெருவுக்குள் நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் தானாகப் பின்வாங்கும். முக்குத் திரும்ப முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், அத்தனைக்கும் கை சளைக்காமல் மரக்கடைக்காரர் சிங்காசனத்தில் இருப்பதுபோல இருப்பார். அதை யாரையும் தொடவிட்டதில்லை. பெற்ற மகனைக் கடைவீதியில் நிறுத்தி, "கதவச் சாத்தவாவது தெரியுமாடா உனக்கு?" என்று கேட்டதை அக்கா தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அந்த மனிதர்தான் போன வாரம் இறந்துபோனார்.

"கண்ணு மங்கிடுச்சு சார் அவருக்கு. நெஞ்சுவலி வேற. எதிர்ல வர்றது லாரியா மாடான்னு தெரியாது. ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் கண்டிஷனாச் சொல்லிட்டாரு. சாவிய நான்தான் தையல் மெஷின் டிராயர்ல, பாபினுக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். எனக்கும் இப்பல்லாம் ஞாபகம் நிக்க மாட்டேங்குது. அதனால பையன்கிட்ட மட்டும் இடத்தச் சொல்லி வெச்சேன். நான் மறந்தாலும் அவன் எடுத்துக் குடுப்பான்ல?"

"சரி."

"அன்னைக்கு ஒரே மழை. நான் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா வண்டியும் இல்ல, அவரும் இல்ல. மறுநாள்தான் கல்குவாரிக்குப் போற மண்ரோட்டுல கண்டுபிடிச்சாங்க. வண்டி சேத்துல புதைஞ்சு நிக்குது. அவரு டிரைவர் சீட்டுல ஸ்டீயரிங் மேல சாஞ்சு…" அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தானா எடுத்துட்டுப் போனாரு, மாட்டிக்கிட்டாரு, எறங்கி ஏதோ போராடிப் பாத்துட்டு வந்து உக்காந்தாரு, நெஞ்சு நின்னுபோச்சுன்னு போலீஸ்ல எழுதிட்டாங்க."

"சாவி?" என்றார் ஃபெயில் சார்.

"அன்னைக்குக் காலையில சாப்பாட்டு மேசை மேல கெடந்துச்சாம். பையன் பாத்தானாம். நான்தான் எதுக்கோ எடுத்து மறந்து வெச்சிருக்கேன்னு சொல்றான். எடுத்த ஞாபகமே இல்ல சார் எனக்கு. ஆனா வெக்கலன்னு சத்தியம் பண்ணவும் தைரியமில்ல."

"திட்டுறானா?" என்று அக்கா குறுக்கே விழுந்தாள்.

"ஐயோ, இல்லக்கா! தங்கம். துக்கம் விசாரிக்க யார் வந்தாலும் என் தோள்ல கையப் போட்டுக்கிட்டு, 'அம்மாவ யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, பாவம், மறதியில செஞ்சுட்டாங்க'ன்னு அவனே முந்திக்கிட்டுச் சொல்லிடுறான்."

"வர்ற எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும். அதுக்கப்புறம் தெருவுல தலை காட்ட முடியல. புருஷனுக்கு எமன மேசை மேல வெச்சவன்னு காதுபடவே பேசுறாங்க."

அவன் திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

ஃபெயில் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "மழைக்காலத்துல வண்டி டிக்கில ஏதாவது வெப்பாராம்மா?"

"மணல் மூட்டை. ரெண்டு வெப்பாரு. அந்த வண்டிக்குப் பின்சக்கரம்தான் தள்ளுதாம். அது மேல பாரம் இல்லன்னா ஈரத்துல வாலை ஆட்டுமாம். மழை வந்தா மணல் ஏத்துறதுதான் அவருக்கு முதல் வேலை. எனக்கு ஒரு குடை வாங்கித் தர மாட்டாரு. வண்டிக்கு மணல் வாங்குவாரு."

*

கப்பலைச் சேற்றிலிருந்து இழுத்து வந்தவர் மரக்கடைக்காரரின் மாப்பிள்ளை. லாரி வைத்துத் தொழில் செய்பவர். வாய் கொஞ்சம் நீளம். லாரி நிறுத்தும் இடத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில் வண்டி காய்ந்த சேற்றோடு நின்றது. பின்பாதி முழுக்கச் சேறு. முன்பாதியில் அவ்வளவாக இல்லை.

"ஃபெயில் சாரா? வாங்க வாங்க. என்னைய மூணு வாட்டி ஃபெயில் பண்ண மனுஷன். செத்தவருக்கும் டெஸ்ட்டு வெக்க வந்திருக்கீங்களா?"

"உங்களுக்கும் மாமனாருக்கும் சண்டையாமே?" அக்கா நேரே பாய்ந்தாள்.

"ஆமா. 'கண்ணு தெரியாம இத ஓட்டுனீங்கன்னா ஒருநாள் இதுக்குள்ளயே உயிர விடுவீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். நடந்துச்சா இல்லையா? இதுல அழுறதுக்கு என்ன இருக்கு?"

அக்கா தம்பியை அர்த்தத்தோடு பார்த்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. குனிந்து முன்சீட்டுக் கால்மிதியைத் தொட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் மிதியடி. சேறு அப்பி இறுகிப்போயிருந்ததே தவிர ஒரு கிழிசல் இல்லை. பின்சீட்டு மிதியடிகள் சுத்தமாக இருந்தன.

"இது எங்க கெடந்துச்சு?"

"முன்டயருக்கு அடியில. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, அழகாப் பாய் விரிச்ச மாதிரி. நான்தான் பிடுங்கி உள்ள போட்டேன். பின்டயரு அச்சு வரைக்கும் புதைஞ்சு கெடந்துச்சு."

"டிக்கில மணல் மூட்டை?"

"அது ரோட்டோரம் முள்ளுல கெடந்துச்சு. ரெண்டு மூட்டையும். என்னத்துக்கு இப்டி வீசியிருக்காருன்னு நானே தலையச் சொறிஞ்சேன். வயசான காலத்துல புத்தி பிசகிடுச்சுபோல."

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல. கேக்காததச் சொன்னா, நீ எதுக்குடா இவ்ளோ பாத்தேம்பாங்க."

திரும்பி வரும்போது அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இவன்தான்டா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. மனுஷன் போயிட்டாருன்னு சிரிக்கிறான் பாரு."

"சிரிக்கிறவங்கள எல்லாம் பிடிச்சு உள்ள போட்டா நீயும் நானும் மிஞ்ச மாட்டோம். நீ ஒண்ணு செய். அந்தம்மா வீட்டுக்குப் போ. அவரு கடைசியா உடுத்தியிருந்த துணி இருக்கும். முன்னாடி எப்டி இருக்கு, பின்னாடி எப்டி இருக்குன்னு பாத்துட்டு வா. முழங்காலையும் பாரு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பை முடிச்சு அவிழ்க்காமல் அலமாரிக்கு அடியில் கிடந்தது. அவிழ்க்கத் தனக்கு மனசு வரவில்லை என்று மரக்கடை அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்காதான் அவிழ்த்தாள். வெள்ளைச் சட்டை. நெஞ்சு, கழுத்துப் பட்டி, தோள் எல்லாம் அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகச் சேறு. பையில் இருந்த மூக்குக்கண்ணாடியிலும் அதே புள்ளிகள். திருப்பிப் பார்த்தாள். முதுகு பளிச்சென்று இருந்தது. பேண்ட்டின் முழங்காலில் மண் அப்பவில்லை, அங்கேயும் புள்ளிகள்தான்.

"குளிப்பாட்டுறப்போ பாத்தேன்," என்றாள் அந்த அம்மாள், சுவரைப் பார்த்தபடி. "பல்லு இடுக்குல எல்லாம் மண்ணு. நான்தான் துணிய நனைச்சுத் தொடைச்சேன்."

அக்கா வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"நாளைக்குக் காலையில எல்லாரும் அந்தம்மா வீட்டுல இருக்கச் சொல்லு," என்றார் ஃபெயில் சார்.

*

மறுநாள் காலை மரக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு நாற்காலியில் இருந்தார்கள். மரக்கடை அம்மாள் சுவரோரம். பக்கத்தில், அவள் தோளில் கை போட்டபடி மகன். நாற்பது வயது, மழமழவென்ற முகம், அதிர்ந்து பேசாத குரல். மாப்பிள்ளை கதவுக்கு அருகே, எப்போது விடுவீர்கள் என்பதுபோலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சார் இதெல்லாம்?" என்றான் மகன். "அம்மாவ மறுபடி நோகடிக்கணுமா? அவங்க மறதியில செஞ்சத நாங்க யாரும் மனசுல வெச்சுக்கல."

"வெச்சுக்கலைன்னா ஊர் பூரா சொல்லிட்டுத் திரிய வேண்டியதில்லையே தம்பி," என்று அக்கா ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும் யாருன்னு. இதோ கதவுக்கிட்ட காலாட்டிட்டு…"

"அக்கா," என்றார் ஃபெயில் சார். அவள் வாயை மூடினாள்.

"சட்டையிலேர்ந்து ஆரம்பிப்போம். முன்னாடி பூரா சேத்துப் புள்ளி. முதுகுல ஒண்ணுமில்ல. எப்டி வரும் அது?"

"விழுந்திருப்பாரு," என்றான் மகன்.

"விழுந்தா அப்பும். தெறிக்காது. முழங்கால்ல அப்பினதே இல்ல. மூஞ்சியில, கண்ணாடியில, பல்லுல எல்லாம் தெறிச்சிருக்கு. மாப்ள, நீங்க சொல்லுங்க. சேத்துல மாட்டின லாரியப் பின்னாடி நின்னு தள்ளினா என்னாகும்?"

"பின்டயரு சுத்தி மூஞ்சியெல்லாம் அடிக்கும். சினிமாவுக்குக்கூடப் போக முடியாது அன்னைக்கு." சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் கால் ஆட்டம் நின்றது.

"இதுவும் பின்சக்கரம் தள்ளுற வண்டிதான். அவரு வண்டிக்குப் பின்னாடி நின்னு தள்ளியிருக்காரு. அப்போ சக்கரம் சுத்தியிருக்கு. சும்மா நிக்கிற வண்டியில சக்கரம் சுத்துமா? உள்ள ஒருத்தர் உக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சாத்தான் சுத்தும்."

மரக்கடை அம்மாளின் உதடுகள் ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தன.

"அப்போ அவரு தனியாப் போகல. யார் கூட இருந்தது? அந்த ஆளு வேற ரெண்டு வேலை செஞ்சிருக்கான். முன்டயருக்கு அடியில மிதியடிய விரிச்சிருக்கான். டிக்கியில இருந்த மணல வெளிய வீசியிருக்கான். ரெண்டுமே தப்பு. பின்சக்கரம் தள்ளுற வண்டிக்கு முன்டயர்ல பாய் விரிச்சு என்ன புண்ணியம்? அது சுத்துறதே இல்ல. அதான் மிதியடி கிழியாம இருக்கு. பின்னாடி இருக்குற பாரத்த எடுத்தா, இருந்த பிடிப்பும் போய் இன்னும் தோண்டிக்கிட்டு எறங்கும். முன்சக்கரம் இழுக்குற வண்டியாயிருந்தா ரெண்டும் சரி. இன்னைக்கு வர்ற சின்ன வண்டி பூரா அப்டித்தான். அந்த மாதிரி வண்டிய மட்டுமே ஓட்டிப் பழகினவன் செய்யிற வேலை இது."

"மாப்ள செய்ய மாட்டாருல்ல," என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். தன் குற்றவாளி கை நழுவிப் போவதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"மாட்டாரு. லாரிக்காரன் தூக்கத்துலகூட அந்தத் தப்பப் பண்ண மாட்டான். அதோட, வண்டிய இழுத்துட்டு வந்த அவரு நினைச்சிருந்தா மிதியடியப் பத்தி வாயே திறந்திருக்க வேண்டாம்." ஃபெயில் சார் மகன் பக்கம் திரும்பினார். "வாசல்ல நிக்கிற சின்ன வண்டி உங்களுதுதானே? அதுலதான் எங்கிட்ட டெஸ்ட்டு குடுத்தீங்க. நல்லாத்தான் ஓட்டுனீங்க."

"ஊர்ல ஆயிரம் பேர் அந்த வண்டி ஓட்டுறாங்க சார்." குரல் இன்னும் அதிரவில்லை.

"ஓட்டுறாங்க. சாவி தையல் மெஷின்ல இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அத விடுங்க. காலையில மேசை மேல சாவியப் பாத்ததாச் சொன்னீங்க. கண்ணு தெரியாத அப்பா, சாவி கெடைச்சா எடுத்துட்டுக் கிளம்பிடுவாருன்னு வீடே பயந்துட்டு இருக்கு. சாவியப் பாத்தவரு அத எடுத்து உள்ள வெக்காம ஏன் போனீங்க?"

மகன் அம்மாவின் தோளிலிருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அது யாருடைய கையோ என்பதுபோல அதைப் பார்த்தான்.

"ஏன் எடுத்து வெக்கல?" என்றாள் மரக்கடை அம்மாள். இந்தக் கேள்வி இத்தனை நாள் தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"ஒரு ஹோம் பாத்திருந்தேன்," என்றான் அவன் கடைசியில். "மலைக்கு அந்தப் பக்கம். வயசானவங்களப் பாத்துக்குற எடம். அம்மா, உங்களுக்குச் சொன்னா ஒத்துக்க மாட்டீங்க. அப்பாகிட்ட, கப்பல்ல கூட்டிட்டுப் போறேன், பின்னாடி மொதலாளி மாதிரி உக்காருங்க, ஊரத் தாண்டினதும் நீங்க ஓட்டலாம்னு சொன்னேன். கொழந்த மாதிரி ஏறி உக்காந்தாரு."

"ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிருக்க," என்றார் மாப்பிள்ளை.

"குவாரி ரோடு குறுக்கு வழின்னு விட்டேன். மாட்டிக்கிச்சு. மூட்டைய வீசினேன், மிதியடி போட்டேன். அவரு பின்சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. எல்லாத்தையும் தப்புத் தப்பாச் செய்யிறேன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல. அப்புறம்தான் எறங்கித் தள்ளுங்கன்னேன்."

"நெஞ்சுவலிக்காரரையா?" என்றாள் அக்கா.

"எனக்கு ஆத்திரம். கொஞ்ச நேரத்துல கண்ணாடியில பாத்தா ஆளக் காணோம். போய்ப் பாத்தா டிக்கியப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறாரு, மூஞ்சி பூராச் சேறு. மூச்சு வாங்குது. அப்பவும் சிரிக்கிறாரு. 'பின்சக்கரம்டா மடையா, கடைசி வரைக்கும் உனக்கு வண்டி வரலையே'ங்கறாரு." மகன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "தூக்கி டிரைவர் சீட்டுல உக்கார வெச்சேன். அவருக்கு அந்த சீட்டுதானே வேணும். கதவச் சாத்துனேன். சரியாச் சாத்துனேன்."

"அப்போ உயிர் இருந்துச்சா?" அம்மாள் கேட்டாள்.

"ஹாரன் அடிச்சாரு."

"எவ்ளோ நேரம்?"

"மெயின் ரோட்டுக்கு நடந்து வர்ற வரைக்கும் கேட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ் வந்துடுச்சு."

அக்காவுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து அந்த அம்மாளிடம் போனாள். பெற்றவளும் கட்டியவளுமாக ஒரே உடம்பு இதை எப்படித் தாங்கும், மயங்கி விழுந்தால் பிடிக்க வேண்டும் என்று கையைக்கூட நீட்டிவிட்டாள். மாப்பிள்ளை போலீசுக்குப் போன் போட வெளியே போனார். மகன் போகும் உத்தேசமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

மரக்கடை அம்மாள் விழவில்லை. அழவில்லை. அக்காவின் கையைத் தள்ளிவிட்டு ஃபெயில் சாரிடம் வந்து நின்றாள்.

"அப்போ சாவிய நான் வெளியில வெக்கல."

"வெக்கலம்மா. இவர்தான் டிராயர்லேர்ந்து எடுத்திருக்காரு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எனக்கு மறதி இல்ல."

"இந்த விஷயத்துல இல்லம்மா."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். தலைமுடியைக் கோதி இறுக்கி முடிந்துகொண்டாள். விருந்துக்குக் கிளம்புகிறவளைப்போல அவசரமாக வாசற்கதவைத் திறந்தாள். இத்தனை நாள் சாத்தியே கிடந்த கதவு அது. போன் போட வந்த மாப்பிள்ளையை விலக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இவளைக் கண்டதும் வழக்கம்போல முகத்தைத் திருப்பினாள்.

"இந்தா, இங்க பாரு!" மரக்கடை அம்மாள் கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். "நான் வெக்கலடி! சாவிய நான் வெக்கல! ஃபெயில் சாரே சொல்லிட்டாரு. எம் பையன்தான் எடுத்தானாம். அவன்தான் அவர அங்க விட்டுட்டு வந்தானாம். நான் இல்ல!"

மாடிக்காரி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அம்மாள் அவளை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே யாரோ எட்டிப் பார்த்தார்கள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்கும் அடுத்த வீடு. குரல் வீட்டுக்கு வீடு கூடிக்கொண்டே போயிற்று. கூடத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும்.

அக்கா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சந்தோஷமான முகத்தைத் தான் சமீபத்தில் எங்கேயும் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"தம்பி," என்றாள் திரும்பாமல், "போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வாடா."

"விடுக்கா," என்றார் ஃபெயில் சார். "இன்னும் தெருவுல பாதி வீடு பாக்கி இருக்கு."